இடாப்பு டீச்சரும் நாற்பத்தொரு பேரும்

வெள்ளவத்தைக் கடல் ஒரு நாள் ஐந்து நிமிஷம் பிந்தி வந்திருந்தால், இடாப்பு டீச்சர் அதன் பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, ‘நாளைக்குப் பெற்றாரிடமிருந்து கடிதம் கொண்டு வரவும்’ என்று எழுதியிருப்பார். கடலும் கொண்டு வந்திருக்கும். அப்படிப்பட்ட மனுசி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால், ‘ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?’ என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒரு கேள்வி வரும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு அவர் இடாப்பு டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வரவைப் பதிகிற அந்த நீளக் கொப்பி இருக்கிறதே, இடாப்பு, அது கக்கத்தில் இல்லாமல் அவரைக் கண்டவர்கள் கிடையாது. மீன் வாங்கப் போனாலும் இடாப்பு. கோயிலுக்குப் போனாலும் இடாப்பு. ஒரு நாள் பூசை நேரத்தில் அவர் உதடு அசைவதைக் கண்டு, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பக்தியோடு காதைக் கிட்டக் கொண்டுபோனாராம். “போன வெள்ளி முப்பத்தாறு. இண்டைக்கு இருபத்தொன்பது. ஏழு பேர் எங்க?” என்று சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தாராம் டீச்சர்.

காலிவீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், டெலிபோன், போட்டோக் கொப்பி, இன்டர்நெட் மூன்றும் உள்ள ஒரு கடையை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து கொம்பியூட்டர். போர்டில் ‘நெட் கபே’ என்று எழுதியிருந்தது. கபே என்ற சொல் பொய்யாகிவிடக் கூடாதென்று முதலாளி ஒரு பிளாஸ்கில் பிளேன்டீ வைத்திருந்தார். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முறிந்து, பஸ்ஸில் ஏறுகிற சனம் முதலில் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு உட்கார்ந்த காலம். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து தினம் வந்து போவேன். பொக்கெட்டில் அடையாள அட்டை, பேர்ஸில் அதன் கொப்பி, சப்பாத்துக்குள் கொப்பியின் கொப்பி. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. அவ்வளவு ஏற்பாட்டோடு வந்தும் எனக்குக் கை நடுங்கும்.

நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதலாளியிடம் நான் ஓ.எல். சோதனை பாஸ் என்று சொல்லியிருந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அப்பாவுக்குக் கொச்சிக்கடைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கி இடுப்பு முறிந்தபோது, அவருடைய சாக்குக் கொழுக்கி என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் நான் வாசித்ததெல்லாம் மூட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் ஒட்டியிருந்த எழுத்துகளைத்தான்.

ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்குகிறேன், வெளியே டீச்சர் நிற்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவரைக் கண்டதும் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினேன்.

“அண்ணை, எனக்கு ஒரு வலைப்பூ திறக்கவேணும். எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“பத்து நிமிஷம் டீச்சர்.”

“பத்து நிமிஷத்தில திறக்கிற பள்ளிக்கூடத்தில என்ன ஒழுங்கு இருக்கும்? ஆறுதலாத் திறவுங்கோ.”

விஷயம் இதுதான். அவரிடம் புவியியல் ரியூசன் படித்த பிள்ளைகள் நாற்பது பேர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பஸ்ஸில் குண்டு வெடிக்கத் தொடங்கியதும் பெற்றார் மறித்துவிட்டார்கள். பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகள் வெறுமையாகிவிட்டன. வேறு மாஸ்டர்மார் வகுப்பை மூடினார்கள். இவர் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது வெற்றுக் கட்டங்களை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“பிள்ளையள் பஸ் ஏறி வரேலாது. சரி. பாடம் பஸ் ஏறாமல் போகட்டும்,” என்றார்.

டீச்சர் பாடத்தைக் கையால் ஃபூல்ஸ்காப் தாளில் எழுதிக்கொண்டு வருவார். நான் தட்டச்சுச் செய்து வலையில் ஏற்றுவேன். சரியாக ஆறரைக்கு ‘மணி அடித்தாயிற்று’ என்ற தலைப்போடு பதிவு போகவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முதல் பிள்ளைகள் வீட்டிலோ, மாமா வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கொம்பியூட்டரைப் பிடித்து, கீழே பின்னூட்டத்தில் ‘வந்துவிட்டேன் டீச்சர்’ என்று எழுதவேண்டும். ஆறே முக்காலுக்கு வாசல் படலை பூட்டப்படும். பிந்தினால் கடிதம். பெற்றாரும் பின்னூட்டத்திலேயே கடிதம் எழுதுவார்கள். ‘மகனுக்கு நேற்று வயிற்றோட்டம்’ என்று ஒரு தகப்பன் எழுதியதை உலகமே வாசித்தது.

பிள்ளைகளின் பதில்களைச் சிவப்பு மையால் திருத்தவேண்டும் என்றார் டீச்சர். பின்னூட்டத்தில் நிறம் மாற்ற வழியில்லை என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் அந்த வழியை நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல எனக்கே தோன்றியது. கடைசியில் எல்லாவற்றையும் அச்சடித்து, பேனாவால் திருத்தி, அந்தத் தாள்களை ஸ்கேன் பண்ணித் திரும்ப ஏற்றினோம். வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து டஸ்டரை எடுத்து மொனிட்டரைத் துடைப்பார். “அடுத்த வகுப்பு வரப்போகுது.” அடுத்த வகுப்பு, துபாயிலிருக்கும் மருமகனுக்கு ஈமெயில் போட வருகிற ஒரு தாத்தா.

பெயரில்தான் முதல் சண்டை வந்தது. பிள்ளைகளின் பெயர் இன்டர்நெட்டில் வரக்கூடாது என்று பெற்றார் ஒரே பிடி. அந்த நாளில் தமிழில் வலைப்பதிவு எழுதின முக்கால்வாசிப் பேரும் புனைபெயர்தான், டீச்சர், என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“கள்ளப் பேரில இடாப்போ!” என்று கடைக்குள் மூன்று தரம் மேலும் கீழும் நடந்தார். பிறகு இறங்கி வந்தார். “சரி. ஆனால் வைச்ச பேர் வைச்சதுதான். மாத்தேலாது.” அதன் பலன், ஒவ்வொரு நாள் காலையும் ஒழுங்கை கேட்க அவர் கூப்பிட்டுச் சரி போட்டார்: “கடலலை, வந்தாச்சு. வெள்ளை முயல், வந்தாச்சு. கறுப்புப் பூனை, வந்தாச்சு. தூங்குமூஞ்சி… அண்ணை, தூங்குமூஞ்சி எங்க? ஏன் இன்னும் எழும்பேல்லை?”

அடுத்தது விலாசம். இடாப்பில் அதற்கு ஒரு நிரல் உண்டு. பயத்தில் ஒரு பெற்றாரும் விலாசம் தரவில்லை. வெறும் நிரலைப் பார்த்தால் டீச்சருக்குப் பல்லில்லாத வாயைப் பார்ப்பதுபோல இருக்குமாம்.

“அண்ணை, வகுப்பு எங்க நடக்குது?”

“இங்கதான் டீச்சர்.”

“அப்ப பிள்ளையள் எங்க இருக்கினம்?”

நாற்பது பேருக்கும் எங்கள் கடை விலாசத்தை, ஒவ்வொரு வரியிலும், ஆங்கிலத்தில் வடிவாக எழுதினார். ஆர் கேட்டாலும் வாசிக்கத் தெரியவேணும் என்பதற்காக ஆங்கிலம். இது பிழைக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் பயப்படுகிறவன் நான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் சரியான விஷயத்துக்குப் பயந்தேன். அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் டீச்சரின் புகழ் பரவி, வேறு ரியூசன் ஆசிரியர்கள் எட்டுப் பேர் தங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லி வந்தார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டி வகுப்பு. டீச்சர் சொன்ன முதல் வேலை: “கொம்பியூட்டர் எல்லாத்தையும் துணி போட்டு மூடுங்கோ அண்ணை. கண்டால் கை சும்மா இராது.”

வந்தவர்களில் ஒரு கணக்கு மாஸ்டர். தொப்பையும் சந்தேகமும் உள்ளவர். “டீச்சர், நாங்கள் கொம்பியூட்டர் படிக்கத்தானே வந்தனாங்கள்?”

“அது மிஷின். அதை இந்த அண்ணை பார்ப்பார். நீங்கள் வலைப்பூ படிக்க வந்தனீங்கள்.” பிறகு எழும்பி நின்று சொன்னார்: “பிள்ளை கொப்பியில எழுதி, நீங்கள் சரி போட்டு, திரும்பப் பைக்குள்ள போனால் அது வீட்டுப்பாடம். அதே கொப்பியைத் திறந்து காலிவீதியில வைச்சால் அது வலைப்பூ. போறவை வாறவை எல்லாரும் வாசிப்பினம். அப்ப பிள்ளை எப்பிடி எழுதும்?”

“பயந்து பயந்து எழுதும்.”

“ஓம். பயந்தால் கவனமா எழுதும். கவனமா எழுதி எழுதிப் பயம் போகும். அவ்வளவுதான் வலைப்பூ.”

மூலையில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வசனத்தை என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. டீ கோப்பைக்கு வெளியே போனது.

எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுதவேண்டும். அதைக் கடைச் சுவரில் ஒட்டவேண்டும். மற்றவர்கள் நடந்து போய் நின்று வாசித்து, சின்னத் துண்டில் பின்னூட்டம் எழுதி அதற்குக் கீழே ஒட்டவேண்டும். கணக்கு மாஸ்டர் அரை நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் கீழே ‘நல்லது’ என்று ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீச்சர் ஒவ்வொரு துண்டையும் உரித்து எடுத்து அவர் மடியில் போட்டார்.

“எந்த வரி நல்லது மாஸ்டர்?”

மாஸ்டர் எழும்பிப் போய் வாசித்தார். இந்த முறை அரை மணித்தியாலம் எடுத்தது. திரும்பி வந்து பார்த்தால், அவர் எழுதிய பக்கத்துக்குக் கீழே ஒரு துண்டும் இல்லை. ரிசல்ட் போர்டுக்குக் கீழே நிற்கிற பிள்ளைபோல அதனடியில் நின்றார். “டீச்சர், ஒருத்தரும் வாசிக்காட்டி என்ன செய்யிறது?”

டீச்சர் போய், அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து, ஒரு துண்டு எழுதி ஒட்டினார். “ஒருத்தர் வாசிச்சால் காணும் மாஸ்டர். ஒருத்தர் வந்தாலும் வகுப்பு வகுப்புத்தான்.” அடுத்த கிழமை தொடங்கிய கணக்கு மாஸ்டரின் வலைப்பூவை அதற்குப் பிறகு ஒருவராலும் நிற்பாட்ட முடியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பதிவு.

இனி மல்லிகாவின் கதைக்கு வரவேண்டும்.

டீச்சரின் பாடங்களைத் தட்டச்சுச் செய்யும்போது என் விரல் அடிக்கடி நின்றுவிடும். தேயிலைப் பெட்டியை முதுகில் தூக்கியிருக்கிறேன். அது ஏன் அந்த மலையில் மட்டும் விளைகிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. டீச்சர் சொன்னார், நாற்பது பேருக்கு, என் விரல் வழியாக. ஒரு நாள் கேள்வி இது: ‘உங்கள் வீட்டடியில் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறது? மூன்று வரியில் எழுதுக.’ பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. வைகாசியில் மழை கடல் பக்கமிருந்து சரிந்து அடிக்கும், மூட்டைகளை மூடுகிற படங்கை மேற்கே இழுத்துக் கட்டுவோம். மார்கழியில் காற்று முதுகுக்குப் பின்னால் வரும், அதே படங்கைப் புரட்டிக் கட்டுவோம். கட்டத் தவறினால் சீனி மூட்டை கல்லாகிவிடும். மூன்று வரி. கை தானாக அடித்துவிட்டது. கீழே ஒரு பெயர் வேண்டுமே! ஆண் பெயர் வைக்கப் பயம். மல்லிகா என்று வைத்தேன். அந்தப் பெயர் தமிழிலும் உண்டு, சிங்களத்திலும் உண்டு. எந்தப் பக்கம் பிடித்தாலும் தப்பலாம் என்பது என் கணக்கு.

மறுநாள், திருத்தக் கொண்டுபோன தாள்களோடு டீச்சர் கடைக்குள் நுழைந்த வேகத்தில் பிளாஸ்க் விழுந்தது. “அண்ணை! இதைப் பார்த்தனீங்களோ? படங்கைப் புரட்டிக் கட்டுதாம்! பருவக்காற்றைப் படங்கில பிடிச்சிருக்கு! தேப்பன் துறைமுகத்தில வேலை போல.”

“இருக்கும் டீச்சர்.”

“நாப்பத்தோராவது பிள்ளை!” இடாப்பில் எழுதினார். விலாச நிரலில் அதே கடை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் முதல் பின்னூட்டம் மல்லிகாவுடையது. ஆகத்தானே வேண்டும், பதிவை ஏற்றுகிறவனே நான். “மல்லிகாவைப் பாருங்கோ, ஒரு நாள் பிந்தினதில்லை,” என்று மற்ற நாற்பது பேரையும் டீச்சர் குத்திக் காட்டுவார். அதையும் நானே தட்டச்சுச் செய்வேன். நாற்பது பிள்ளைகளின் சாபமும் எனக்குத்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறை, காலையில் எழும்பும்போது பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. இன்றைக்கு என்ன பாடம் என்ற நினைப்பு.

அதோடு ஒரு புதுப் பயமும் பிறந்தது. கறுப்புப் பூனை ஒரு நாள் வெள்ளை முயலின் பதிலைப் பார்த்து எழுதிப் பிடிபட்டது. டீச்சர் அடிமட்டத்தை எடுத்து, அந்தப் பெயருக்குக் குறுக்கே சிவப்பில் இரண்டு கோடு இழுத்தார். “கள்ளம் செய்தால் பேர் வெட்டு. ஆராயிருந்தாலும்.” ஒரு கிழமை பூனை அழுதபிறகுதான் அந்தக் கோட்டுக்கு மேலே திரும்ப எழுதினார். பதினைந்து வயதுப் பூனைக்கு ஒரு கிழமை என்றால், ஓ.எல். என்று பொய், பெயர் பொய், பெண் என்றும் பொய் சொன்ன எனக்கு எத்தனை வருஷம்? அந்த இரண்டு கோட்டைக் கனவிலும் கண்டேன். முதலாளி என்னைக் கலைத்தால் வேறு கடை கிடைக்கும். இந்த வகுப்பிலிருந்து வெட்டினால் எனக்கு வேறு வகுப்புக் கிடையாது.

அந்தப் பின்னேரம் வந்தது. நாலு மணி இருக்கும். டீச்சர் ஒரு மூலையில் தாள்கள் திருத்திக்கொண்டிருக்கிறார். கொழும்பில் தமிழர் எல்லாரும் பொலிஸில் பதியவேண்டிய காலம். ஒழுங்கையில் வீடு வீடாக அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டு வந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், இரண்டு கொன்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். வயது போனவர். வெயிலில் களைத்த முகம்.

“இங்க எத்தின பேர் இருக்கிறது?”

“ஒருத்தரும் இல்ல சேர். இது கடை.”

மேசையில் கிடந்த இடாப்பை எடுத்தார். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். “ஃபோட்டி வன்,” என்றார். “எட்ரஸ் எல்லாம் இந்தக் கடை.” பத்தடி அகலக் கடையைச் சுற்றிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒரு கொன்ஸ்டபிள் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தான். பொலிஸில் பதியாத நாற்பத்தொரு தமிழர் ஒரே விலாசத்தில்! “கோ மே மினிஸ்ஸு?” எங்கே இந்த ஆட்கள் என்று கேட்கிறார்.

என் கால் இரண்டும் என்னைக் கேளாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டன. மிச்ச உடம்புதான் அங்கே நின்றது.

டீச்சர் எழும்பினார். “இருங்கோ சேர். வகுப்பில நிண்டுகொண்டு கதைக்கக் கூடாது.”

சார்ஜன்ட் உட்கார்ந்தார். நான் என் கண்ணால் கண்டேன். துவக்கோடு வந்தவர், உட்கார்ந்தார்.

“நாப்பத்தொரு பேரும் இங்கதான் படிக்கினம். கூப்பிடட்டோ?”

“கூப்பிடுங்க மிஸ்,” என்றார் அவர். அவருடைய கை இடாப்பை விடவில்லை.

“அண்ணை, அடியுங்கோ. அவசர இடாப்பு. எல்லாரும் உடனே வரவும்.” அடித்தேன். நடுக்கத்தில் அவசரத்துக்கு இரண்டு ச போட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் அதைத் திருத்திவிட்டுத்தான் ஏற்றவிட்டார். பிறகு டெலிபோனை எடுத்துக் கடலலையின் வீட்டுக்கு ஒரு கோல். ஒருவர் இருவருக்குச் சொல்லவேண்டும், அந்த இருவர் நால்வருக்கு என்று பிள்ளைகளை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தார். அது எதற்கு என்று அன்றுவரை எனக்கு விளங்கியிருக்கவில்லை.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். திடீரென்று திரையில் ஒரு வரி விழுந்தது. ‘கடலலை: வந்துவிட்டேன் டீச்சர்.’

“கடலலை, வந்தாச்சு,” என்று டீச்சர் சத்தமாகக் கூப்பிட்டுச் சரி போட்டார். சார்ஜன்ட்டின் கையிலிருந்த இடாப்பில்தான் போட்டார், அவர் பிடித்துக்கொண்டிருக்க. வெள்ளை முயல் வந்தது. கறுப்புப் பூனை வந்தது. பிறகு மழைபோலக் கொட்டியது. மட்டக்குளியிலிருந்து ஒன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்று, பொரளையில் மாமா வீட்டில் நின்ற ஒன்று. கொன்ஸ்டபிள்மார் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார்கள். முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. கக்கூஸ் பார்த்த கொன்ஸ்டபிள் பொறுக்கமாட்டாமல் இடாப்பில் எட்டிப் பார்த்தான். “மிஸ், யாரு வரல்ல?”

“தூங்குமூஞ்சி. பிறகு…”

சொல்லி வாய் மூடவில்லை, ‘தூங்குமூஞ்சி: வந்துவிட்டேன் டீச்சர். படுத்திருந்தனான்’ என்று வந்தது. கொன்ஸ்டபிள் கை தட்டிவிட்டான்.

நாற்பது. நாற்பத்தோராம் கட்டம் மட்டும் வெறுமை.

சார்ஜன்ட்டின் முகம் திரும்ப இறுகியது. “எக்கெனெக் அடுய்,” என்றார். ஒருத்தர் குறைவு. விரலை அந்தப் பெயரில் வைத்துத் தமிழை எழுத்துக் கூட்டினார். “மல்லிகா. மே கவுத? சிங்களத, தெமளத?” யார் இது, சிங்களமா தமிழா? எந்தப் பக்கம் பிடித்தாலும் தப்புவதற்கென்று நான் வைத்த பெயர், இரண்டு பக்கத்தாலும் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேசாமல் நிற்கத்தான் நினைத்தேன். ஒரு பெயர்தானே, வருத்தம் என்று டீச்சர் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் சார்ஜன்ட்டைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பிள்ளை ஒரு நாளும் பிந்தினதில்லை சேர்,” என்றார். “அதுக்கு… அதுக்கு என்னவோ நடந்திட்டுது.”

பேனா பிடித்த கை நடுங்கியது. என் கையல்ல, அவருடைய கை. அந்த நாட்களில் ஒருவர் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கடையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனைக்குப் போன கால்கள் எப்படித் திரும்பி வந்தனவோ. இரண்டாம் கொம்பியூட்டரில் போய் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தரம் பிழையாக அடித்தேன். மூன்றாம் தரம் திறந்தது. டீச்சருக்கு முன்னாலிருந்த திரையில் கடைசி வரி விழுந்தது.

‘மல்லிகா: வந்துவிட்டேன் டீச்சர்.’

சார்ஜன்ட் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். “தமுஸெத மல்லிகா?” நீயா மல்லிகா?

“ஓம் சேர்.”

முதலில் கொன்ஸ்டபிள் வெடித்தான். பிறகு மற்றவன். கடைசியில் சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன் தாளில் ஏதோ எழுதினார். போகும்போது டீச்சரிடம் மெல்லச் சொன்னார்: “இந்த எட்ரஸை வெட்டுங்க மிஸ். அடுத்தமுற வாறது வேற ஆளா இருக்கும்.”

அவர்கள் போனபிறகு, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று தோன்றியது எனக்கு.

“மல்லிகா,” என்றார் டீச்சர்.

“டீச்சர்.”

“எத்தினையாம் வகுப்பு?”

“எட்டு.”

“எட்டு முடிச்சதோ, எட்டிலயோ?”

“எட்டில. ரெண்டாந் தவணை.”

இடாப்பை மூடிக் கக்கத்தில் வைத்தார். “இண்டைக்குப் பிந்தி. நாளைக்குக் கடிதம் வேணும்,” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். மொனிட்டரைத் துடைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டில் மனைவியிடம் கடிதம் கேட்டேன். “பைத்தியமா உங்களுக்கு? முப்பத்தஞ்சு வயசு ஆம்பிளைக்கு நான் லெட்டர் குடுக்கிறதா?” என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதித் தந்தாள். ‘மதிப்புக்குரிய டீச்சருக்கு, என் கணவர் மல்லிகா நேற்றுப் பொலிஸ் வந்தபடியால் பிந்திவிட்டார். தயவுசெய்து மன்னிக்கவும்.’

காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன். வரமாட்டார் என்று ஆறு பத்துக்கு முடிவு கட்டினேன். ஆறு இருபதுக்கு வந்தார். கடிதத்தை நின்றபடி வாசித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ‘கணவர் மல்லிகா’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்து, மடித்து இடாப்புக்குள் செருகினார். பிறகு இடாப்பை விரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

விலாச நிரல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. நாற்பது விலாசமும் அடிமட்டம் வைத்து வெட்டப்பட்டிருந்தன. என் கண் நாற்பத்தோராம் வரிக்கு இறங்கியது. மல்லிகா என்ற பெயருக்குக் குறுக்கே இரண்டு கோடு, நான் கனவில் கண்ட அதே இரண்டு கோடு. அதற்கு மேலே, வடிவான எழுத்தில், எட்டாம் வகுப்பு இரண்டாந் தவணைக்குப் பிறகு ஒருவரும் எந்த இடாப்பிலும் எழுதாத என் முழுப் பெயர். விலாசத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அந்த ஒன்றுதான் சரியான விலாசம்.

“ஆறரையாகுது. என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள்?” என்றார் டீச்சர். “மணி அடியுங்கோ.”

எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தக் கடை இப்போது இல்லை, டீச்சர் எந்த நாட்டில் யாரை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. ஆனால் காலை ஆறரைக்கு, பஸ்ஸிலோ பாதையிலோ எங்கே நின்றாலும், வாய்க்குள் ஒரு தரம் சொல்லிக்கொள்கிறேன். எங்கேயோ ஒரு சிவப்புப் பேனா எனக்காகக் காத்துக்கொண்டு நடுங்கிவிடக் கூடாதல்லவா: வந்துவிட்டேன் டீச்சர்.